உப்பு, சர்க்கரை, சுண்ணாம்பு, சோடா: கரைதிறனை வீட்டிலேயே அளந்து பார்ப்போம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். "சூடாக்கினால் கரைதிறன் என்ன ஆகும்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "கூடும் சார்" என்பார்கள். காரணம் கேட்டால் தேநீரைச் சொல்வார்கள். சூடான தேநீரில் சர்க்கரை உடனே கரைகிறது, ஆறியதில் அடியில் தங்கிவிடுகிறது அல்லவா?

அங்கேதான் பிழை. ஆறிய தேநீரையும் பொறுமையாகக் கலக்கினால் அந்தச் சர்க்கரை முழுவதும் கரைந்துவிடும். விரைவாகக் கரைவது வேறு, நிறையக் கரைவது வேறு. கரைதிறன் என்பது இரண்டாவது: குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீர் அதிகபட்சம் எத்தனை கிராம் பொருளை ஏற்கும் என்ற கணக்கு. அதற்கு மேல் ஏற்காத நிலைக்கு வந்துவிட்டால் அது தெவிட்டிய கரைசல்.

தேவையானவை: கிராம் காட்டும் சிறிய தராசு, 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, சூடு தாங்கும் கண்ணாடிக் குவளைகள் இரண்டு, தூள் உப்பு, வெள்ளைச் சர்க்கரை, வெற்றிலைச் சுண்ணாம்பு, பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த சோடா இரண்டு, பலூன் இரண்டு, ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று. அடுப்பு வேலைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 1: உப்பு

100 மில்லி தண்ணீர் எடுங்கள். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் 30 டிகிரியில்தான் இருக்கும். உப்பை முதலில் ஐந்து ஐந்து கிராமாகவும், 30 கிராம் தாண்டிய பிறகு ஒவ்வொரு கிராமாகவும் போட்டுக் கலக்குங்கள். 36 கிராமை ஒட்டி, எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணல்போல் தங்கத் தொடங்கும். இனி 80 டிகிரிக்குச் சூடாக்கி மறுபடியும் போட்டுப் பாருங்கள். கூடுதலாக ஏறுவது இரண்டு கிராம் அளவுதான். கொதிநிலையில்கூட 39 கிராமைத்தான் எட்டும். சூடாக்கியும் உப்பு ஏன் கரையவில்லை என்று பிள்ளைகள் குழம்பும் இடம் இது. குழம்பட்டும், அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள்.

படி 2: சர்க்கரை

50 மில்லி தண்ணீர் போதும். 30 டிகிரியில் ஏறத்தாழ 110 கிராம் சர்க்கரையை அது வாங்கிக்கொள்ளும். தண்ணீரின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! கடைசி 20 கிராம் கரையக் கால் மணி நேரமாவது ஆகும், கை வலிக்கக் கலக்க வேண்டும். 80 டிகிரிக்குச் சூடாக்கினால் 180 கிராம் வரை போகும். பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம்.

இந்தப் பாகை ஆறவிட்டு, ஒரு நூலில் சர்க்கரைத் துகள் ஒட்டித் தொங்கவிட்டு, அசையாமல் ஒரு வாரம் வையுங்கள். சூட்டில் ஏறிய கூடுதல் சர்க்கரைக்கு ஆறிய தண்ணீரில் இடமில்லை, நூலைப் பற்றிக்கொண்டு பளிங்காகக் கட்டும். நூலில் கட்டும் கற்கண்டின் அடிப்படை இதுதான்.

படி 3: சுண்ணாம்பு

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எங்கள் பக்கம் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தப் பொருள் இப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது.

அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கலக்கி, மூடி, ஓர் இரவு வையுங்கள். கண்ணில் படக்கூடாது, கையில் பட்டால் உடனே கழுவுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும், அடிவண்டல் கலங்காமல் ஒரு குவளையில் இறுத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் குடிநீர் போலவே இருக்கும். குவளையின் வாயை ஒரு தட்டால் மூடி, தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் வைத்துப் பாத்திரத்தைச் சூடாக்குங்கள். வெப்பம் ஏற ஏற, அந்தத் தெளிந்த நீர் புகை படிந்ததுபோல் மங்கி, பிறகு வெண்மையாகக் கலங்கும்.

100 மில்லி தண்ணீர் 20 டிகிரியில் 0.17 கிராம் சுண்ணாம்பை ஏற்கும், 100 டிகிரியில் 0.07 கிராம்கூட ஏற்காது. சூடாக்கினால் கரைதிறன் குறையும் திடப்பொருள் இது. காற்றில் உள்ள கரியமில வாயு பட்டாலும் சுண்ணாம்பு நீர் கலங்கும், அதனால்தான் மூடச் சொன்னேன். எது காரணம் என்று சோதிக்க, மூடியபடியே ஆறவிட்டு அவ்வப்போது அசைத்துப் பாருங்கள். வெப்பத்தால் பிரிந்த சுண்ணாம்பு மெதுவாக மறுபடியும் கரையும். காற்றுபட்டு உண்டான கலங்கல் கரையாது.

ஏன் இந்த வேறுபாடு? சர்க்கரை கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது, ஆகவே வெப்பம் கொடுத்தால் மேலும் கரைகிறது. சுண்ணாம்பு கரையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது, வெப்பம் கொடுத்தால் பின்வாங்குகிறது. உப்பு கரையும்போது வெப்ப மாற்றம் மிகச் சிறியது, எனவே அதன் கரைதிறனும் பெரிதாக அசைவதில்லை. படி 1-இல் எழுந்த குழப்பத்துக்கு விடை இதுதான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றும்போது எழும் பெருஞ்சூட்டை இதனுடன் சேர்க்காதீர்கள், அது தண்ணீருடன் நடக்கும் வேதிவினையின் சூடு.

படி 4: சோடாவும் வெப்பமும்

ஒரு பாட்டிலைப் பனிக்கட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள், மற்றதை அறையிலேயே விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வாயில் பலூனை மாட்டினால், குளிராத பாட்டிலின் பலூன் முந்திக்கொண்டு உப்பும். கோலி சோடாக் கண்ணாடி பாட்டிலைச் சூடாக்கவோ வெயிலில் வைக்கவோ கூடாது, வெடிக்கலாம். வாயு கரையும்போதும் வெப்பம் வெளியாகிறது, ஆகவே சுண்ணாம்பின் கதைதான். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 0 டிகிரியில் 3.3 கிராம் கரியமில வாயு கரையும். 25 டிகிரியில் 1.45 கிராம்தான்.

படி 5: அழுத்தம்

சிரிஞ்சில் 5 மில்லி சோடாவை உறிஞ்சுங்கள். நுனியை மேலே திருப்பி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு, நுனியைக் கட்டைவிரலால் இறுக்கி மூடுங்கள். தண்டை இழுங்கள். நொடியில் நீர் முழுக்கக் குமிழிகள் கிளம்பும், கண்ணாடியில் தொங்கும் சிறு மணிகள்போல. சூடாக்கவில்லை, குலுக்கவில்லை, அழுத்தத்தைக் குறைத்தோம், அவ்வளவே. இப்போது தண்டை உள்ளே அழுத்துங்கள். நுரைப்பது நிற்கும், குமிழிகள் சுருங்கும்.

இதை அளந்து விதியாகச் சொன்னவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி, 1803-இல். வெப்பநிலை மாறாமல் அழுத்தம் இரு மடங்கானால் கரையும் வாயுவும் இரு மடங்காகும். 25 டிகிரியில் 1.45 கிராம் ஏற்கும் ஒரு லிட்டர் தண்ணீர், நான்கு மடங்கு அழுத்தத்தில் 5.8 கிராம் ஏற்கும். கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளும்போது 'டப்' என்று வெளியேறுவது அந்த அழுத்தம். திறந்த பிறகு மேலே இருப்பது வெறும் காற்று, அதில் கரியமில வாயு 0.04 சதவீத அளவே. எனவே நாம் குடிக்காமல் வைத்தால் சோடா சப்பென்று ஆகிவிடுகிறது.

இங்கிலாந்து அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் லீட்ஸ் நகரத்து மதுவடிப்பாலையில், நொதிக்கும் தொட்டிக்கு மேலே தேங்கிய வாயுவைத் தண்ணீரில் கலந்துதான் முதலில் சோடா நீரைச் சுவைத்தார். எங்கள் ஊர்க் கள் நுரைப்பதும் அதே வாயுவால்தான்.

உப்பு, சர்க்கரைக்கு இந்தப் படி பொருந்தாது. திடமும் திரவமும் அழுத்தினால் அவ்வளவாகச் சுருங்காதவை. பாட்டிலில் அடைத்து அழுத்தினாலும் 36 கிராம் உப்பு 36 கிராம்தான்.

படி 6: குளத்துக்குப் போங்கள்

ஏப்ரல் மாதம் அதிகாலையில் மீன் வளர்க்கும் குளம் ஒன்றின் கரையில் நில்லுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். காற்றுபட்ட தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்க முடியும், 30 டிகிரியில் 7.5 அளவுதான். இருக்கும் கொஞ்சத்தையும் பாசியும் மீனும் இரவெல்லாம் சுவாசித்துக் குறைத்துவிடும். வெயில் ஏறிப் பாசி மீண்டும் ஆக்சிஜனை வெளிவிடும் வரை விடியல்தான் மீனுக்கு மோசமான நேரம். அந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டுக் குளத்து நீரையே மேலே பீய்ச்சி அடித்தால், ஒவ்வொரு துளியும் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு குளத்துக்குத் திரும்பும்.