ரெக்கார்டரை எங்கே வைக்கிறீர்கள்? ஒலிப்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் மூன்று பேர் தங்கள் முதல் ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் தன் தாத்தாவின் நினைவுகளைப் பதிவு செய்திருந்தார். இன்னொருவர் ஒரு கலந்துரையாடலை. மூன்றாமவர் தன் மகள் பாடியதை. மூன்றையும் ஹெட்போனில் கேட்டேன். மூன்றிலும் ஒரே தவறு: ரெக்கார்டர் தூரத்தில் இருந்தது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

மூவரிடமும் இருந்தவை நல்ல ரெக்கார்டர்கள். ஒன்று நான் இப்போது வைத்திருப்பதைவிட உயர்ந்தது. ஆனால் மூவரும் என்னிடம் கேட்ட கேள்வி, “இதைவிட நல்ல ரெக்கார்டர் எது?” என்பதுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பதிவு பொத்தானை அழுத்த மறப்பது, கார்டு நிரம்புவது, பாதியில் பேட்டரி தீர்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு முறை நடந்தால் ஆயுளுக்கும் மறக்காது. செய்கிறோம் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்கும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூரத்தில் வைத்துவிட்டு கெயினை ஏற்றுவது

எங்கள் குடும்பத்தின் பழைய கதை முழுவதும் தெரிந்தவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். அப்பாவின் பெரியம்மா. பெரிய பாட்டி என்று கூப்பிடுவோம். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. புது ரெக்கார்டர் வாங்கிய உற்சாகத்தில் அவரைப் பேச வைக்கப் போனேன். கருவியைக் கண்டால் கூச்சப்படுவாரோ என்று, அவர் கண்ணில் படாமல் அலமாரியின் மேல் வைத்தேன். மூன்று மீட்டர் இருக்கும். ஒலி குறைவாக விழுந்ததால் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏறக்குறைய முழுவதும் ஏற்றினேன். ஒலியளவைக் காட்டும் மீட்டர் நன்றாக ஆடியது. சரி, பதிவாகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்து கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார்.

எழுத்தில் இறக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது குரல். அதன் மேல் ‘உஸ்’ என்று ஓயாத இரைச்சல், மின்விசிறியின் சத்தம், அடுத்த அறையில் யாரோ நாற்காலி இழுப்பது. கதை புரிந்தது, பெயர்கள் புரியவில்லை. தன் அம்மாவைப் பெற்றவளின் பெயரைச் சொல்கிறார். குப்பம்மாளா, சுப்பம்மாளா? நூறு தடவையாவது அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருப்பேன். அடுத்த முறை போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். நான்கு மாதத்தில் அவர் காலமாகிவிட்டார். அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது.

ஏன் பெயர்கள் மட்டும் தொலைகின்றன? வாக்கியத்தில் ஒரு சொல் மங்கினால் முன்பின் பொருளை வைத்து மனம் நிரப்பிக்கொள்ளும். பெயரை அப்படி நிரப்ப வழியில்லை. அதிலும் க், ச், த், ப் போன்ற ஒலிகள் கண நேரத்தில் முடிந்துவிடும், வலிமையும் குறைவு. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் நீளமானவை, பலமானவை. அறையில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் முந்தைய உயிரொலி, அடுத்து வரும் மெல்லிய மெய்யொலியை மூடிவிடுகிறது. ஒலி இருக்கும், சொல் இருக்காது.

கணக்கும் எளிதுதான். திறந்த வெளியில் பேசும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 20 சென்டிமீட்டரில் வைக்க வேண்டியதை 2 மீட்டரில் வைத்தால் 20 டெசிபல் போச்சு. அறைக்குள்ளும் வாயிலிருந்து நேராக வரும் ஒலிக்கு இதே கணக்குதான். ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும், விசிறியின் சத்தமும் அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்கும். மைக்கைத் தள்ளி வைத்தால் குரல் மட்டும் மெலிகிறது, மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. அப்புறம் கெயினை ஏற்றும்போது குரலோடு சேர்ந்து அறையும் ஏறுகிறது. போதாக்குறைக்கு, மைக்கின் ஒலியைப் பெருக்கும் ரெக்கார்டரின் உள்சுற்றுக்கென்று ஒரு சொந்த இரைச்சல் உண்டு. கெயின் கூடக் கூட அதுவும் வெளியே வரும். சிறிய ரெக்கார்டர்களில் இது நன்றாகவே கேட்கும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது இது எதுவும் நமக்கு உறைப்பதில்லை. எதிரே இருப்பவரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்க நம் இரண்டு காதுகளும் மூளையும் பழகியிருக்கின்றன. விசிறி ஓடுவதே மறந்துபோகும். ரெக்கார்டருக்கு அந்தத் திறன் கிடையாது. அதன் முன் எது விழுகிறதோ அதையெல்லாம் எழுதி வைக்கும்.

“பிறகு மென்பொருளில் சுத்தம் செய்துகொள்ளலாமே” என்று மூவரில் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. அவர் மேல் இல்லை, இதை நம்பி நானே கழித்த இரவுகளின் மேல். சீரான ‘உஸ்’ இரைச்சலை ஓரளவு குறைக்கலாம், உண்மைதான். ஆனால் எதிரொலி என்பது அதே குரலின் நிழல். அதை உரித்தெடுக்கப் போனால் குரலின் தோலும் சேர்ந்து வரும், தண்ணீருக்கு அடியில் பேசுவது போலாகிவிடும். இப்போது வரும் புதிய கருவிகள் முன்பைவிட எவ்வளவோ நன்றாகச் செய்கின்றன. ஆனாலும் மூடிப்போன மெய்யொலி எது என்று அவையும் ஊகித்துத்தான் நிரப்புகின்றன. கதைக்கு அது போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பெயர், ஊர், தேதி இருக்கும் பதிவில் இயந்திரத்தின் ஊகத்தை நான் ஏற்க மாட்டேன்.

சரி, எங்கே வைப்பது? பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண். முடியாவிட்டால் ஒரு முழம். அதற்கு மேல் போகாதீர்கள். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் மோவாய்க்குக் கீழே அல்லது கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, மைக் முனையை வாயை நோக்கித் திருப்புங்கள். ‘ப’ சொல்லும்போது வெளிவரும் மூச்சு மைக்கில் மோதாது. இருவர் பேசும்போது மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்காராமல் மூலையில் அடுத்தடுத்து உட்காருங்கள். நடுவில் வைக்கிறேன் என்று இருவருக்கும் தூரமாக்க வேண்டாம். பதில் சொல்பவர் பக்கம் இருக்கட்டும். உங்கள் கேள்வி கொஞ்சம் மெலிந்து கேட்டால் குற்றமில்லை. அவ்வளவு அருகில் வைக்கவே முடியாத இடமென்றால், சட்டையில் மாட்டும் காலர் மைக்கை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகிக்கொள்ளலாம். பல சிறிய ரெக்கார்டர்களின் மெனுவில், மைக்குக்கு மின்சாரம் கொடுக்க ‘பிளக் இன் பவர்’ என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால்தான் இந்த வகை மைக் பெரும்பாலும் வேலை செய்யும்.

கூச்சத்தைப் பற்றி நான் பயந்தது வீண். அதற்குப் பிறகு எத்தனையோ முதியவர்களின் மிக அருகில் வைத்துப் பதிவு செய்துவிட்டேன். முதல் ஐந்து நிமிடம் கருவியைப் பார்க்கிறார்கள். பிறகு கதை அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்குச் சாதாரணப் பேச்சைப் பேசிவிட்டு, முக்கியமானதைப் பிறகு கேளுங்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். ஒரே பத்தியை ஒரு சாண் தூரத்தில், ஒரு மீட்டரில், மூன்று மீட்டரில் படித்துப் பதிவு செய்யுங்கள். மூன்றையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து ஹெட்போனில் கேளுங்கள்.

மேசை மேல் அப்படியே வைப்பது

அருகில் வைக்கச் சொன்னதும் அடுத்து நடப்பது இது. பேசுபவர் விரலால் மேசையைத் தட்டுவார், டம்ளரை வைப்பார், முழங்கையை ஊன்றுவார். அந்த அதிர்வெல்லாம் மரத்தின் வழியாக நேராக ரெக்கார்டருக்குள் போய் இடி மாதிரி விழும். நான்காக மடித்த துண்டு ஒன்றைக் கீழே போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சின்ன ட்ரைபாட் இருந்தால் அதைத் துண்டின் மேல் வையுங்கள். துண்டு இன்னொரு வேலையும் செய்கிறது. மைக் மேசைக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கும்போது, நேராக வரும் குரலும் மேசையில் பட்டு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாகத் தாமதித்து வரும் குரலும் கலக்கும். சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, குரல் குழாய்க்குள் இருந்து வருவது போலாகும். துணி அந்த எதிரொலிப்பைக் கொஞ்சம் மழுக்குகிறது.

கையில் பிடித்துப் பதிவு செய்வது இதைவிட மோசம். விரல் நகர்வது ஒவ்வொன்றும் பதிவாகும்.

ஆட்டோ லெவல்

கெயினைக் கருவியே தானாக ஏற்றி இறக்கும் வசதி இது. அணைத்துவிடுங்கள்.

காரணம் வேண்டுமென்றால்: பேசுபவர் யோசிக்க நிறுத்தும்போது கருவி “சத்தம் குறைந்துவிட்டதே” என்று கெயினை ஏற்றும். மௌனத்தில் விசிறி பொங்கி எழும், பேசத் தொடங்கியதும் அமுங்கும். பாட்டில் இது இன்னும் கொடுமை. மெல்லப் பாடிய இடமும் உரக்கப் பாடிய இடமும் ஒரே மட்டத்துக்கு வந்து, பாடியவர் கொடுத்த ஏற்ற இறக்கமே காணாமல் போகும். மகள் பாடியதைக் கொடுத்தவரின் பதிவில் நடந்தது இதுவும்தான்.

மீட்டரை உச்சிக்குத் தள்ளுவது

நாடாவில் பதிவு செய்த காலத்துப் பழக்கம் இது. நாடாவின் இரைச்சலை மூடுவதற்காக அப்போது உரக்கப் பதிவு செய்தார்கள், கொஞ்சம் மிஞ்சினாலும் நாடா மன்னித்துவிடும். டிஜிட்டலில் மீட்டரின் உச்சியான 0 டெசிபல் என்பது சுவர். அதைத் தாண்டிய அலையின் தலை தட்டையாக வெட்டப்படும், திரும்ப வராது. பிட் என்பது ஒலியின் அளவை எவ்வளவு நுணுக்கமாக எழுதி வைக்கிறது என்பதன் கணக்கு. 24 பிட்டில் பதிவு செய்தால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது, 16 பிட்டில் 96. ஆகவே பயமின்றிக் குறைத்து வையுங்கள். மிக உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். பேசுபவரைச் சிரிக்க வைத்து லெவல் பாருங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லும் குரலைவிடச் சிரிப்பு எவ்வளவோ உரத்தது.

மேளம் மாதிரி பலத்த ஒலியை மிக அருகில் எடுக்கும்போது ஒரு பொறி உண்டு. மீட்டர் கீழே இருக்கும், ஆனாலும் ஒலி கரகரக்கும். உள்ளே வரும் முதல் பெருக்கியே திணறிவிட்டது என்று பொருள். பதிவு அளவைக் குறைத்துப் பயனில்லை. மைக் உணர்திறனைக் குறைக்கும் தனிச் சுவிட்ச் இருந்தால் அதை ‘லோ’வில் போடுங்கள்.

உரத்த ஒலியையும் வெட்டாமல் எழுதி வைக்கும் 32 பிட் ஃப்ளோட் வகை ரெக்கார்டர் வாங்கினால் லெவல் கவலை பெரும்பாலும் தீரும். தூரத்தின் கவலை தீராது. இதைச் சொன்னபோது மூவரில் ஒருவருக்கு முகம் வாடிவிட்டது.

96 கிலோஹெர்ட்ஸ்

நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளந்து எழுதுவது என்பதன் எண் இது. பேச்சுக்கு இவ்வளவு வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். எம்பி3 ஆக்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சு உறையை நம்பி வெளியே போவது

கருவியோடு வரும் பஞ்சு உறை மூச்சுக் காற்றைத் தடுக்க. வெளியே வீசும் காற்றுக்கு முடி வைத்த உறைதான் வேண்டும். தாழ்ந்த சுருதி ஒலிகளை வெட்டும் லோ கட் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸ் வாக்கில் போடுவது உதவும். ஆனால் காற்று அடித்து மைக்கே திணறிய பிறகு எந்த வடிகட்டியும் காப்பாற்றாது.

மிக்ஸரிலிருந்து நேராகக் கம்பி இழுப்பது

ஒரு கூட்டத்தின் உரை முழுவதையும், மேடை மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் மிக்ஸரிலிருந்து பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பினேன். கணினியில் கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டவர்களோ ஒன்றுமே கேட்கவில்லை என்றார்கள். முதலில் அவர்கள் போன் சரியில்லை என்றே நினைத்தேன்.

நடந்தது இதுதான். மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்புட் ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. ரெக்கார்டரின் 3.5 மில்லிமீட்டர் துளையோ ஸ்டீரியோ. முதல் கம்பியை இடது என்றும் இரண்டாவதை வலது என்றும் எடுத்துக்கொண்டது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூட்டப்படும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஹெட்போனில் கேட்டால் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதப்பது போலத் தோன்றும். அதுதான் அடையாளம். நல்லவேளையாக இது திருத்தக்கூடியது. ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மற்றதை இரண்டு பக்கத்துக்கும் பிரதி எடுத்தால் போதும்.

கூடவே, ரெக்கார்டரின் உள்ளீட்டை மைக் என்பதிலிருந்து லைன் என்று மாற்ற மறக்காதீர்கள். மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்ஸர் தருவது ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில்.

ஹெட்போன்

பதிவு தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒரு நிமிடமாவது.

செல்போனைப் பக்கத்தில் வைப்பது

ஏர்பிளேன் மோட். பேசுபவருடைய போனையும் சேர்த்து.

அறையின் மௌனத்தை எடுக்காமல் கிளம்புவது

பேச்சு முடிந்ததும் கையை நீட்டி நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாமல், எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி ஒரு நிமிடம் ஓட விடுங்கள். தொகுக்கும்போது ஒரு இருமலை வெட்டிய இடத்தில் வெறும் சூனியத்தை வைத்தால் காதில் குழி விழுந்தது போல இருக்கும். அந்த அறையின் மௌனத்தை அங்கே ஒட்டினால் வெட்டியதே தெரியாது. இரைச்சல் குறைக்கும் மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுக்கவும் அதே ஒரு நிமிடம்தான் பயன்படும். அதை எடுத்த பிறகு, அறையை விட்டுக் கிளம்பும் முன், பதிவின் நடுவில் ஏதாவது ஒரு பெயர் வந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். தெளிவாக இல்லையென்றால் அங்கேயே இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள், ரெக்கார்டரை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு.