சிங்கப்பூரில் பிள்ளை வீட்டுக்குப் போகிறீர்களா? தனியே ஊர் சுற்றுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில். ஊரிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் பத்தாவது மாடியில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். சிங்கப்பூருக்கு வரும் பெற்றோர் பலரின் ஒரு மாதம் இப்படியே கழிந்துபோகிறது. அறுபத்தைந்து வயதுக்காரர் துணையில்லாமல் சுற்றிவர இதைவிட வசதியான ஊர் அரிது. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. ரயிலின் எச்சரிக்கைப் பலகைகளில்கூடத் தமிழ் இருக்கும். வாசலைத் தாண்ட விடாமல் செய்பவை சில சின்ன விஷயங்கள்தான், அவற்றில் பாதி ஊரில் பெட்டி கட்டும்போதே தொடங்கிவிடுகின்றன.

முதலில் கசகசா. குருமாவுக்கென்று ஒரு பொட்டலம் வைத்துவிடுவது நம் வீட்டு வழக்கம். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள், ஏனென்றால் விதையில் மார்ஃபினின் சுவடு இருக்கக்கூடும். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிட்டு வாருங்கள். புகையிலை கலந்த பாக்கு, வாயில் அடக்கும் புகையிலைத் தூள், மின்சிகரெட், சூயிங்கம் எதுவும் கூடாது. சாதாரண சிகரெட்டுக்கும் தீர்வைச் சலுகை கிடையாது. ஒரே ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும்.

மருந்திலும் இதே கவனம் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று மாதத் தேவைக்குள், அட்டையைப் பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கொண்டு வரலாம். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான டயசெபாம், அல்பிரசோலாம் வகைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. புறப்பட இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே பிள்ளையை இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தவறு, விசாவில் உள்ள தேதிதான் தங்கும் கெடு என்று நினைப்பது. விசா உள்ளே நுழைவதற்கான அனுமதி மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பது வந்து இறங்கியபின் மின்னஞ்சலில் வரும் இ-பாஸில்தான் இருக்கும். கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. அந்த மின்னஞ்சல், பயணத்துக்கு முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையில் நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குப் போகும். பயண முகவர் தன் முகவரியைப் போட்டு நிரப்பியிருந்தால் கடைசித் தேதி உங்கள் கண்ணிலேயே படாது. ஆகவே வருகை அட்டையை வந்து இறங்குமுன், வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்தில், உங்கள் அல்லது பிள்ளையின் மின்னஞ்சல் முகவரி போட்டு நிரப்புங்கள். அது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி வராமல் நின்றுபோகும். இரண்டாம் துளையில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு, ஊர் எண்ணில் ரோமிங் குறுஞ்செய்தியை மட்டும் திறந்து வையுங்கள்.

இனி வீட்டை விட்டு இறங்குவோம். பெரும்பாலும் வழி தவறுவது தொலைதூரத்தில் அல்ல, வீட்டுக்கு இருநூறு மீட்டருக்குள்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடிகள் ஒரே நிறம், ஒரே உயரம், கீழே ஒரே மாதிரி வெற்றுத்தளம். பக்கச் சுவரில் ஆளுயரத்தைவிடப் பெரிதாக எழுதிய எண் ஒன்றுதான் அடையாளம். அதிலும் 305 வேறு, 305ஏ வேறு, 305பி வேறு. பக்கத்துக் கார் நிறுத்தக் கட்டடத்துக்கும் தனி எண் உண்டு. வீட்டு எண் 08-123 என்றால் முதல் பகுதி மாடி, இரண்டாவது பகுதி கதவு. பிளாக் எண், தெருப் பெயர், மாடியும் கதவும், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, பிள்ளையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஒரு கட்டடத்துக்கு ஒரு அஞ்சல் குறியீடு என்பதால் டாக்சிக்காரருக்கு அந்த ஆறு எண்ணே போதும்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றால் வண்டி தானாக நிற்கும் என்று நம்பக்கூடாது. உங்கள் எண் வரும்போது கையை நீட்ட வேண்டும். முன்வாசலில் ஏறி அட்டையைத் தட்டுங்கள், பின்வாசலில் இறங்கும்போது மறுபடி தட்டுங்கள். இறங்கும்போது தட்ட மறந்தால் அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் கழிந்துவிடும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 45 நிமிடத்துக்குள் பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினால் ஒரே பயணமாகக் கணக்கிடுவார்கள், ஆனால் ஏறியதும் இறங்கியதும் ஒரே அட்டையாக இருக்க வேண்டும். வங்கி அட்டையைத் தட்டி ஏறிவிட்டு, அதே அட்டை பதிந்திருக்கிறதே என்று கைப்பேசியைத் தட்டி இறங்கினால் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு அட்டைகள். வெளிநாட்டு வங்கி அட்டைக்கு நிர்வாகக் கட்டணமும் சேரும். நிலையத்தில் பணம் நிரப்பும் அட்டை ஆளுக்கொன்று வாங்கிக்கொள்வதே நல்லது. கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைத் தட்டிப் போக முடியாது.

செங்காங், பொங்கோல் பகுதிகளில் பிள்ளை வீடு இருந்தால் இலகு ரயிலில் (எல்ஆர்டி) ஒரு சிக்கல் உண்டு. அங்கே பாதை வளையமாகச் சுற்றுகிறது, கிழக்கு வளையம், மேற்கு வளையம் என்று இரண்டு. தவறான வளையத்தில் ஏறினால் உங்கள் நிலையம் வரவே வராது. பெருவிரைவு ரயிலில் (எம்ஆர்டி) திசையைக் கடைசி நிலையத்தின் பெயரால் அறியலாம். பச்சைத் தடத்தில் பாசிர் ரிஸ் என்றால் கிழக்கே, துவாஸ் லிங்க் என்றால் மேற்கே. ரயிலுக்குள் தண்ணீர் குடிப்பதும் குற்றம், 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மாத்திரை போட வேண்டியிருந்தால் உள்ளே போகுமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, பல சிறு கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் உணவங்காடி நிலையமே சரியான இடம். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் மேலே ஏறும். அங்காடியில் அது இல்லை. சைவக்காரர்கள் ஏமாறும் இடம் பரோட்டாக் கடை. பரோட்டா சைவம்தான், கூட வரும் குழம்பு பெரும்பாலும் மீனோ ஆட்டிறைச்சியோ. பருப்புக்குழம்பு தனியே கேளுங்கள், அதிலும் இறைச்சி இல்லையே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காய்கறி நூடுல்ஸிலும் சம்பல் என்னும் மிளகாய் விழுதிலும் காய்ந்த இறாலும் நெத்திலியும் இருக்கக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர் சும்மா 'கோப்பி' என்று கேட்டால் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்து வரும். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் பாலும் சீனியும் இல்லாதது. 'தே சி கோசோங்' என்றால் சீனி போடாத, இனிப்பற்ற டின்பால் தேநீர். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் பயணம் முழுதும் உதவும். மேசையில் கைக்குட்டைத் தாள் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம். சாப்பிட்டபின் தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும். ஹலால் தட்டுக்குத் தனி அலமாரி இருக்கும், மாற்றி வைக்காதீர்கள்.

மிஞ்சிய சோற்றைச் சன்னலோரம் காக்கைக்கு வைப்பது, புறாவுக்கு இறைப்பது இரண்டும் வேண்டாம். 2020-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அமாவாசைக்குக் காக்கைக்கு வைத்தே பழகியவர்களுக்கு மனம் ஒப்பாது என்பது புரிகிறது. ஆனாலும் அங்கே அந்தச் சோறு பிள்ளைக்குத்தான் சங்கடத்தைக் கொண்டுவரும்.

நேரத்தையும் ஊர்ப் பழக்கத்தில் வைக்கக்கூடாது. இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே ஓடும் கடிகாரம், சூரியன் எழுவது ஏழு மணி வாக்கில். ஐந்தரைக்கு நடக்கப் போனால் நல்ல இருட்டு. பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள்கள் வேகமாக வரும். சைக்கிள் படம் வரைந்த தடத்தை விட்டு ஓரமாக நடங்கள். பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம், குடை எப்போதும் பையில் இருக்கட்டும்.

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு ஞாயிறு மாலை போகாதீர்கள். விடுமுறை கிடைத்த வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் நேரம் அது, நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. வாரநாள் காலையில் சந்தை, பிறகு வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில் என்று போகலாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றுக்குள் போய்விடுங்கள். நகரத்தார் 1859-இல் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். காசு கொடுத்துப் பார்ப்பவைதான் ஊர் என்று நினைத்து வாரநாள்களை வீணாக்க வேண்டாம். 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்கா காலை ஐந்து மணி முதல் இலவசம். வட்டார நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களும் 1935 முதல் வரும் தமிழ் முரசு நாளிதழும் இருக்கும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை.

மருத்துவச் செலவு வெளிநாட்டவருக்கு மானியமின்றி முழு விலை. பயணக் காப்பீட்டை இந்தியாவிலேயே, இருக்கும் நோய்களை மறைக்காமல் சொல்லி எடுத்து வாருங்கள். நெஞ்சுவலி போன்றவற்றுக்கு 995, காவல்துறைக்கு 999. வழி மட்டும் தவறிவிட்டால் பதற்றத்தில் நடந்துகொண்டே இருக்காதீர்கள். அருகிலிருக்கும் பெருவிரைவு ரயில் நிலையத்தின் பயணிகள் சேவை முகப்பில் சட்டைப்பை அட்டையைக் காட்டுங்கள். எந்தத் தடம், எந்த வாசல், எந்தப் பேருந்து என்று அவர்கள் சொல்லி அனுப்புவார்கள்.