அத்தையோடு உட்கார்ந்து போர்ப் படம் பார்ப்பது எப்படி

2011 ஜூன் மாதக் கடைசி. கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்த தம்பி லீவில் வந்தபோது ஒரு பென்டிரைவில் அந்தப் படத்தைக் கொண்டுவந்தான். 14ஆம் திகதி இரவு பிரிட்டனில் சேனல் 4 ஒளிபரப்பிய படம். இறுதிப் போரின் கடைசி மாதங்களைப் பற்றியது, ஐம்பது நிமிடம் வரும். சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று போட்டோம். அத்தை அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். ஷெல் கூவி வரும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டதும் அடுப்படியில் ஏதோ உருண்டு விழுந்தது. ஓடிப் பார்த்தால், அத்தை மாவுக் கையால் தலையை மூடிக்கொண்டு தரையில் குப்புறக் கிடக்கிறார்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அத்தையின் குடும்பமும் ஒன்று. கிளிநொச்சி மாவட்டம் தர்மபுரத்தில் காடு வெட்டிக் காணியாக்கி முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கிடந்து, 2010இல் தலவாக்கலைப் பக்கம் எங்கள் லயத்துக்கே, தோட்டத்து வரிசை வீட்டுக்கே, திரும்பி வந்தார். போகும்போது ஆறு பேர். வரும்போது அவர் மட்டும்.

வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும்போது இந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது என்று நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சத்தம். படத்தைவிட சத்தம்தான் அடிக்கும். அதனால் முதல் தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் பாருங்கள். எந்த நிமிடத்தில் ஷெல் விழுகிறது, எந்த நிமிடத்தில் பிள்ளைகளின் உடல்களைக் காட்டுகிறார்கள் என்று ஒரு துண்டுக் கடதாசியில் குறித்து வையுங்கள். லயத்தில் இருப்பவர்கள் பக்கத்துக் காம்பராவையும் நினைக்க வேண்டும். சுவரைத் தாண்டிச் சத்தம் போகும், அங்கேயும் வன்னியிலிருந்து வந்த ஒருவர் இருக்கலாம்.

அப்புறம், கேளுங்கள். "அத்தை, இப்படி ஒரு படம் இருக்கு, பாக்கிறீங்களா?" என்று கேட்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அவர் உடனே சரி என்றார். அவரைக் கேட்காமல் மறைத்து வைத்ததுதான் அவருக்கு வருத்தம். "நான் பாத்ததத்தானே புள்ள காட்டுறாங்க, எனக்கு எதுக்கு ஒளிக்கிறீங்க?" என்றார்.

இரவில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்தோப்புக் (முன் திண்ணை) கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். போர் முடிந்த மே மாதம் வேண்டவே வேண்டாம். ரிமோட் அவர் கையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது இந்த ஒன்றுதான். நிறுத்தலாம் என்று தெரிந்தால் மனுஷர் தைரியமாகப் பார்க்கிறார். நிறுத்தியபின் மற்றவர்கள் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லக் கூடாது.

படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களை முதலில் வேறொரு நாட்டுப் போரைப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி மகள் ஏ.எல். படித்தபோது நான் வியட்நாமைக் கொடுத்தேன். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி 1983இல் 13 பாகங்களில் அந்தப் போரை ஒளிபரப்பியது. அதை ஏற்காதவர்கள் எடுத்த பதில் படத்தை அதே தொலைக்காட்சி 1985இல் காட்டியது. 2017இல் மறுபடியும் 10 பாகங்கள், 18 மணி நேரம். சைகோன் விழுந்தது 1975 ஏப்ரல் 30இல். நாற்பது வருடம் கழித்தும் அவர்கள் பேசி முடிக்கவில்லை. அங்கே நம் வீட்டார் யாரும் சாகவில்லை என்பதால், எந்த இடத்தில் இசையைக் கூட்டுகிறார்கள், யாரை அதிக நேரம் பேசவிடுகிறார்கள், யாரைப் பிணமாக மட்டும் காட்டுகிறார்கள் என்பதெல்லாம் பிள்ளையின் கண்ணில் பட்டது. அந்தக் கண்ணோடு நம் போருக்கு வரவேண்டும்.

நம் போருக்கும் பதில் படம் உண்டு. சேனல் 4 படம் வந்த ஒன்றரை மாதத்தில், 2011 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சு தன் படத்தை வெளியிட்டது. இரண்டையும் பாருங்கள், ஒரே நாளில் வேண்டாம். ஒரு கொப்பி எடுத்து, யார் எடுத்தது, எந்த வருடம், யாருக்குக் காட்ட என்று மேலே எழுதுங்கள். கீழே ஒவ்வொரு காட்சிக்கும் இடம், திகதி, யார் சொல்வது, கண்ணால் கண்டதா, கேள்விப்பட்டதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் வன்னி வரைபடம் ஒன்று இருக்க வேண்டும். மக்களைப் போய் இருக்கச் சொல்லி அரசாங்கம் 2009 ஜனவரியில் அறிவித்த முதல் பாதுகாப்பு வலயம் உடையார்கட்டு, சுதந்திரபுரம் பக்கம். பெப்ரவரியில் அறிவித்தது புதுமாத்தளன் கடற்கரை ஓரம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அத்தைக்கு ஒன்று தென்னந்தோப்பு, மற்றது வெறும் மணல், பதுங்குகுழி வெட்டினால் சரிந்து மூடும் மணல். வரைபடத்தில் விரலை வைத்து அவரே காட்டினார்.

கைகள் கட்டப்பட்டவர்களை இலங்கைப் படையினர் சுடுவதாகக் காட்டுகிற அந்த போன் வீடியோவைப் பற்றி வீட்டில் கட்டாயம் சண்டை வரும். அது போலி என்று அரசாங்கம் சொன்னது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்துவிட்டு, அது உண்மையானது என்றே தெரிகிறது என 2010 ஜனவரியில் சொன்னார். விளக்கம் கிடைக்காத சில விஷயங்களையும் அவர் மறைக்காமல் சொன்னார். கொப்பியில் நாமும் அப்படித்தான் எழுத வேண்டும், நமக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து.

எண்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70,000க்கு மேற்பட்டோரின் கணக்குத் தெரியவில்லை என்ற தகவல்களைக் குறிப்பிட்டது. பொதுமக்கள் இழப்பே கூடாது என்பதுதான் தன் கொள்கையாக இருந்தது என்றது அரசாங்கம். அந்த நிபுணர் குழு இரண்டு பக்கத்தின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக எழுதியது: வைத்தியசாலைகள் மீதும் பாதுகாப்பு வலயங்கள் மீதும் அரச படை ஷெல் அடித்தது, தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டது, பிள்ளைகளைப் பிடித்துச் சண்டைக்கு அனுப்பியது. ஒரு படம் இதில் ஒரு பாதியை மட்டும் சொன்னால், மற்றப் பாதிக்குக் கொப்பியில் இடம் விட்டு வையுங்கள். அத்தைக்கு இரண்டு பாதியும் தெரியும். அவருடைய இளைய மகனைக் கொண்டுபோனது புலிகள். கணவரைக் கொன்றது ஷெல்.

அமைச்சின் படத்தை நாங்கள் பார்த்த அன்று, கீழே கிராமத்துச் சிங்கள அக்கா ஒருவர் எங்களோடு உட்கார்ந்திருந்தார். 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். அவருடைய தம்பியின் உடல் கிடைக்கவே இல்லை. அவர் அழுதபோது அத்தைதான் எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்தப் படமாக இருந்தாலும் அதில் நம் மலையகத்து ஆட்களைத் தேடுங்கள். 1977லும் 1983லும் அடிபட்டு வன்னிக்குப் போனவர்களை இந்தப் படங்கள் "தமிழ் மக்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. ஒரு படத்தில் கேமராவுக்குப் பின்னால் ஒரு கிழவி அழுகிறாள். கீழே எழுத்தில் "பொதுமகள்" என்று மட்டும் வருகிறது. அத்தை ரிமோட்டை அமுக்கி நிறுத்தினார். "அந்தப் பேச்சக் கேளு. அது நம்ம தோட்டத்துப் பேச்சு." மூன்று தடவை திருப்பிப் போட்டோம். ஆமாம், நம் பேச்சேதான். 1948இல் குடியுரிமை இழந்து, தோட்டத்தில் அடிபட்டு, வடக்கே போய், அங்கே ஷெல்லில் செத்த ஒரு தலைமுறை அந்தக் குரலில் இருக்கிறது. நாம் காது கொடுக்காவிட்டால் யாருக்கும் கேட்காது.

படம் நின்றதும் அத்தையிடம் எதையும் கேட்காதீர்கள். டீவியை அணைத்துவிட்டு வெளியே போய் உட்காருங்கள். சில நேரம் மூன்று நாள் கழித்து, விறகு அடுக்கும்போது ஒரு பெயரைச் சொல்வார். அப்போது கொப்பியை எடுத்து, திகதி போட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம். ஊரும் பெயரும் சரியா என்று அன்றே வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கொப்பியில் இப்போது 46 பெயர்கள் இருக்கின்றன.

அந்த ஐம்பது நிமிடப் படத்தில் அத்தை இதுவரை 31ஆம் நிமிடம் வரை பார்த்திருக்கிறார்.