பழைய கீசரும் வைஃபை சுவிட்சும்
பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீடு. மார்கழியில் அம்மா எழுமுன் வெந்நீர் தயாராகட்டுமென்று பழைய கீசருக்கு, குறித்த நேரத்தில் தானே போட்டு அணைக்கும் வைஃபை சுவிட்ச் வாங்கினேன். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதனால் 16 ஆம்பியர் சுவிட்ச்.

சுவரிலுள்ள சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டே வயர். மாட்டினேன், உயிரே இல்லை. எலக்ட்ரீசியன் தம்பி சிரித்தார்: "அண்ணாச்சி, ஒண்ணு பேஸ் வருது, இன்னொண்ணு கீசருக்குப் போவுது. கரண்டு திரும்பிப் போற நியூட்ரலே இல்லியே, வைஃபைக்குக் கரண்டு எங்கேருந்து வரும்?"

நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் வயரில் கொடுத்துவிடலாமா என்றேன். முறைத்தார். நியாயந்தான், ஆளைக் கொல்லும் வேலை அது.

மெயினை அணைத்து, கீசர் பாயின்டிலிருந்து நியூட்ரலுக்கான கருப்பு வயர் இழுத்தோம். பழைய பைப்பின் வளைவில் சிக்கி அரை மணி நேரம் பாடாய்ப் படுத்தியது. தண்ணீர் சூடானதும் கரண்டை நிறுத்தும் கீசரின் தெர்மோஸ்டாட்டைத் தொடவில்லை. இப்போது 4.30-க்குத் தானே ஓடி 5 மணிக்கு நிற்கிறது. அம்மா இன்னும் கைவைத்துப் பார்த்துதான் நம்புகிறாள்.