கப்பலின் ப்ரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) புதியவர்கள் செய்யும் தவறுகள், முக்கியமாக அந்த 30 மீட்டர்

போன கான்ட்ராக்டில் என்னோடு வாட்சில் (பணிமுறையில்) நின்ற தேர்ட் ஆபீசர், அலாரம் அடித்ததும் திரையைப் பார்க்காமலே பட்டனை அமுக்கினார். அவர் வயதில் நான் செய்த அதே வேலை. வாட்ச் முடிந்ததும் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுற்றிலும் பார்க்க லுக்அவுட் வேண்டும், லாக் புக் எழுத வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

சேஃப்டி கான்டூரை மாற்றாமல் விடுவது

எக்டிஸில் (மின்னணு கடல் வரைபடத் திரையில்) நம் கப்பலுக்குப் போதுமான ஆழம் எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்டும் கோடு இது. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் கருவி தானாக 30 மீட்டரை எடுத்துக்கொள்ளும்.

நான் புதியவனாக இருந்தபோது ஒருநாள் சிங்கப்பூர் நீரிணையில் எங்கள் டிராஃப்ட் (தண்ணீருக்குள் கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழம்) 9 மீட்டர், கான்டூர் 30. போகக்கூடிய தண்ணீரும் போகக்கூடாத தண்ணீரும் ஒரே நீலமாகத் தெரிந்தன. அலாரம் விடாமல் அடித்தது, நானும் விடாமல் அமுக்கினேன். கேப்டன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்ப அமுக்குனியே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

2013 செப்டம்பரில் ஓவிட் என்ற கெமிக்கல் டேங்கர் டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டில் ஏறி நின்றது. டிராஃப்ட் 8 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. போட்டிருந்த பாதையே திட்டின் மேல்தான் போனது. கான்டூர் 30-லேயே கிடந்தது, அலாரத்துக்குச் சத்தமும் இல்லை. தரைதட்டியதுகூட வாட்சில் இருந்தவருக்கு உடனே தெரியவில்லை.

கணக்கு கடினமில்லை. டிராஃப்ட், ஸ்குவாட் (ஓடும்போது கப்பல் கூடுதலாக அமிழும் அளவு), கப்பலின் அடியான கீலுக்குக் கீழே கேப்டன் கேட்கும் இடைவெளி மூன்றையும் கூட்டி, ஓதத்தின் உயரத்தைக் கழியுங்கள். 12 வந்தால் 12 கொடுங்கள். சார்ட்டில் அந்தக் கோடு இல்லையென்றால் கருவி அடுத்த ஆழமான கோட்டுக்கு, 15-க்கோ 20-க்கோ, தாவிவிடும். அப்போது நடுவில் உள்ள எண்களைப் படித்துத்தான் போக வேண்டும். எக்டிஸில் சேஃப்டி டெப்த் என்ற இன்னொரு அமைப்பிலும் 12 கொடுத்தால் அதற்குக் குறைவான ஆழங்கள் அழுத்தமாகத் தெரியும். சரக்கு ஏற்றி இறக்கி டிராஃப்ட் மாறும்போதெல்லாம் மறுபடி போடுங்கள், சோம்பல் வேண்டாம்.

ரேடார் கிளட்டர்

அலை இரைச்சலைக் குறைக்கும் குமிழை முழுக்கத் திருப்பினால் திரை சுத்தமாகிவிடும். கன்னியாகுமரிக்குத் தெற்கே நிற்கும் ஃபைபர் படகுகளும் அதோடு மறைந்துவிடும்.

ஏஐஎஸ்

கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் கருவி. அதை மட்டும் நம்பாதீர்கள், அது இல்லாத படகுகள் ஏராளம்.

ஜிபிஎஸ் மட்டும்

1995-ல் ராயல் மெஜஸ்டி பயணிகள் கப்பலில் ஆன்டெனா கேபிள் கழன்றது. 34 மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. 17 மைல் விலகிப்போய் நான்டக்கெட் அருகே தரைதட்டியது. கரை தெரிந்தால் ரேடார் தூரம் எடுங்கள். தெரியாவிட்டால் ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரை ஆன் செய்து சார்ட்டோடு ஒப்பிடுங்கள்.