மலிவு விலையில் குக்ரி வடிவ வெட்டரிவாள்: முதன்முறை வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

மழை ஓய்ந்து ஒரு மாதம் கழித்துத் தோட்டத்துப் பக்கம் போனால், வேலியோரம் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்பதை மதுரையைச் சுற்றி நிலம் வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சிறிதளவு நிலத்தைக் கவனித்து வருபவர்களில் சிலர், ஆளைத் தேடி அலைவதை விடத் தாமே வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்று இறங்கி, குக்ரி எனப்படும் குர்க்கா கத்தியின் வடிவில் செய்த வெட்டரிவாளை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் இதில் விலையைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: எதை வெட்டப் போகிறோம்?

குக்ரியின் அலகு பிடியிலிருந்து சற்றுத் தூரம் சென்றதும் உட்புறமாக வளைந்து, அதன்பின் வயிறு போல அகன்று, மூக்கை நோக்கிக் குறுகுகிறது. எடையில் பெரும்பங்கு அந்த அகன்ற பகுதியில் இருப்பதால், ஓங்கிய கையின் வேகத்தோடு இரும்பின் கனமும் சேர்ந்து கிளையின்மேல் இறங்குகிறது. வளைவின் காரணமாக வாய், அதாவது கூரான விளிம்பு, கிளையின்மேல் சாய்வாகப் படுவதால், வெறும் அடியாக நில்லாமல் சற்று இழுத்து அறுக்கவும் செய்கிறது. கட்டைவிரல் பருமன் முதல் மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள கிளைகளைக் கழிக்கவும், வெட்டிய கிளையை விறகுக்குத் துண்டு போடவும் இந்த வடிவம் மிகப் பொருத்தமானது. நம் வட்டாரத்து அரிவாளிலும் இதே உள்வளைவு இருப்பதால், நேபாளத்து வடிவம் என்று தயங்க வேண்டியதில்லை. அரிவாள் பிடித்துப் பழகிய கைக்கு இது விரைவில் பழகிவிடும்.

எங்கே இது தோற்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். புல், நாணல் போன்ற மெல்லிய தண்டுகளுக்கு முன்கனமான கத்தி தேவையில்லை. அதற்குக் கருக்கரிவாளே போதும். தரையை ஒட்டிய செடிகளை இதனால் வெட்டினால், சரளை நிலத்தில் அகன்ற வயிறு கல்லில் மோதி வாய் பல்லுப்பல்லாகப் பெயர்ந்துவிடும். நாகமலை, சிறுமலை அடிவாரங்களைப் போன்ற கரட்டு நிலம் உங்களுடையது என்றால் இதைத் தனியாக யோசியுங்கள். அடர்ந்த சீமைக்கருவேலத்துக்குள் கை நுழைக்க முடியாது என்பதால், எந்த அரிவாளை வைத்திருந்தாலும் மறு கையில் ஒரு கவைக்கம்பு வேண்டும். முள்கிளையைக் கவையால் ஒதுக்கி அழுத்திக்கொண்டு அதன் அடியை வெட்டுவதுதான் வழக்கம். சீமைக்கருவேலம் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடியும் தழைக்கும் மரமாதலால், அரிவாளால் ஆகக்கூடியது பக்கக்கிளைகளைக் கழித்து அடிமரத்தை வெளியே கொண்டுவருவது மட்டுமே; வேரோடு எடுப்பது வேறு வேலை.

இரண்டாம் படி: நீளம், கனம், எடை

நேபாளத்தில் கைவேலையாக அடிக்கப்படும் குக்ரிகளின் முதுகுக் கனம், அதாவது கூரில்லாத மேல்விளிம்பின் தடிமன், பெரும்பாலும் 8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். விறகு பிளக்க அது நன்று. ஆனால் காலை முழுவதும் புதர் வெட்ட வேண்டிய, பழக்கமில்லாத கைக்கு அது அதிகச் சுமை. தொழிற்சாலையில் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படும் குக்ரி வடிவ வெட்டரிவாள்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் வருகின்றன. தொடக்கநிலையில் இருப்பவர் இந்தக் கனத்தில், 10 முதல் 13 அங்குல அலகுடன், அரைக் கிலோவை ஒட்டிய எடையில் ஒன்றை எடுப்பதே நல்லது என்பது என் கணிப்பு. 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தகடு கிளையில் பட்டதும் நெளிந்து, அதிர்வு முழுவதும் மணிக்கட்டுக்கு வரும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு இருந்தால், அலகின் முதுகை ஆள்காட்டி விரலின்மேல் கிடத்தி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிடி முடியும் இடத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் முன்னால் நின்றால் வெட்டுக்கு ஏற்ற எடைப்பகிர்வு இருக்கிறது என்று கொள்ளலாம். பிடியிலேயே நின்றுவிட்டால், அது வடிவத்தில் மட்டுமே குக்ரி.

மூன்றாம் படி: இரும்பைச் சோதித்தல்

மலிவுப் பொருளில் ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இங்கேதான். சுற்றுலாத் தலங்களிலும் பரிசுப்பொருள் கடைகளிலும் பளபளவென்று தொங்கும் குக்ரிகளில் பல, துருப்பிடிக்காத மெல்லிய எஃகில் அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டவை. கருவேலங்கிளையில் பத்து வெட்டு விழுந்தால் அவற்றின் வாய் மடங்கிவிடும். வெட்டு வேலைக்கு வேண்டியது கார்பன் எஃகு. துருப்பிடிக்கும்தான், ஆனால் அடியைத் தாங்கும், மழுங்கினால் அரத்தாலேயே தீட்டிக்கொள்ளலாம்.

தொழிற்சாலைப் பொருளின் விவரக்குறிப்பில் 1055, 1075, 1095 என்று நான்கு இலக்கங்கள் இருந்தால், கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பனின் அளவைக் குறிக்கின்றன: 1055 என்றால் ஏறத்தாழ 0.55 விழுக்காடு, 1095 என்றால் 0.95 விழுக்காடு. கார்பன் கூடக்கூடக் கூர் நீடிக்கும், ஆனால் கல்லில் பட்டால் பெயரும் வாய்ப்பும் கூடும். ஆகவே நம் நிலத்துக்கு 1055 குறைந்த தரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கல்லும் முள்ளும் கலந்த இடத்தில் நான் அதையே முதலில் சொல்வேன்.

கொல்லுப் பட்டறையில் செய்பவை பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையிலிருந்து, அதாவது லாரியின் அடியில் சுமை தாங்கும் வில் தகட்டிலிருந்து, அடிக்கப்படுபவை. நேபாளத்துக் கொல்லர்களும் இதே லாரிப் பட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த எஃகில் 0.5 முதல் 0.65 விழுக்காடு வரை கார்பன் இருப்பதால் பொருள் நல்ல பொருளே. மிச்சமெல்லாம் துவைச்சலைப் பொறுத்தது. செங்காவியாகக் காய்ச்சிய இரும்பை எந்தப் பதத்தில் நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார்கள் என்பதில்தான் கடினம் அமைகிறது. வாய் மட்டும் கடினமாகவும் முதுகு இளகியும் இருக்கும் வகையில், வாயோரமாகக் கெண்டியால் நீர் ஊற்றிக் குளிர வைப்பது நேபாளத்து முறை. நீங்கள் வாங்கும் கத்தியில் துவைச்சல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு புதிய அரம் போதும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பிடிக்கு அருகில் வாயின்மேல் அரத்தை மெல்ல ஒரு முறை ஓட்டுங்கள். அரம் கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்கினால் வாய் மிகக் கடினம், உடைந்து பெயரக்கூடும். மாவு போலப் பொடி உதிர்ந்து எளிதாகத் தின்றால் துவைச்சலே இல்லை. சற்றே பிடித்து, முனகிக்கொண்டு நகர்ந்தால் அதுதான் வேண்டிய பதம்.

அரம் வைக்க விடாத கடையில் முதுகை ஓர் ஆணியால் தட்டிப் பாருங்கள். தெளிவாக ஒலித்தால் சரி; ஓட்டை விழுந்த ஓசை வந்தால் எங்கோ விரிசலோ தளர்வோ இருக்கிறது. பிடிக்கு அருகில் சில குக்ரிகளில் சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதற்குப் பசுவின் குளம்பு, சிவனின் சூலம் என்று பல விளக்கங்கள் சொல்வதுண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தப் பள்ளத்தின் மூலைகளில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்பதை. பள்ளமே இல்லாவிட்டாலும் வெட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

நான்காம் படி: பிடி

வெட்டும்போது அலகு முறிவதை விடப் பிடி கழன்று பறப்பதே பெரிய ஆபத்து. அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை அதே அகலத்தில் ஓடி, இரு பக்கமும் கட்டை வைத்து ரிவிட் அடித்திருந்தால் அதைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்யலாம். இரும்பு மெலிந்து பிடிக்குள் மறையும் வகையாக இருந்தால் பின்பக்கம் அது வெளியே வந்து மடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். பிடியைக் கையில் பிடித்து முதுகால் ஒரு மரக்கட்டையில் நான்கைந்து தட்டுத் தட்டினால், தளர்வு இருந்தால் உள்ளங்கையிலேயே தெரியும். வழவழவென்று மெருகேற்றிய பிடி வியர்வையில் நழுவும். நம் வெயிலில் அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் சற்று விரிந்து கையைத் தடுக்கும் பிடியே பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: வாங்குமிடமும் சட்டமும்

வெளிநாட்டு முத்திரை கொண்டவை விலை அதிகம். அவற்றின் நன்மை ஒன்றுக்கொன்று மாறாத தரம். மலிவாக வேண்டுமென்றால் மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கும் திருப்பாச்சேத்தி போன்ற, அரிவாளுக்குப் பெயர்போன ஊர்களின் பட்டறையில் சொல்லிச் செய்வதே என் பரிந்துரை. வேண்டிய வடிவத்தை உண்மை அளவில் அட்டையில் வெட்டி எடுத்துப் போங்கள். முதுகுக் கனம் இவ்வளவு, எடை இவ்வளவு, பிடிக்குப் பூண் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வாயால் சொல்லி விளக்கினால் அவர் கைக்குப் பழகிய அரிவாளே வந்து சேரும், அதுவும் மோசமில்லை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளின் வகையில் குக்ரி பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என வடிவமைக்கப்பட்டவை அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. ஆகவே சிங்கத்தலைப் பிடி, பித்தளை வேலைப்பாடு என்று போர்க்கத்தி போலத் தோன்றும் பொருளைத் தவிர்த்து, பார்த்தவுடன் விவசாயக் கருவி என்று தெரியும் எளிய பொருளை வாங்குங்கள். 2021-இல் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரியைப் பதிவு செய்யுமாறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தியது. பட்டறைக்காரர் அடையாள அட்டை கேட்டால் அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ரசீதை வைத்துக்கொண்டு, உறையிலிட்டுச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

ஆறாம் படி: முதல் வெட்டு

முதல் நாள் பச்சைக்கிளையில் தொடங்குங்கள். காய்ந்த கருவேலம் பழகாத கைக்கும் புதிய வாய்க்கும் ஏற்றதல்ல. உறையிலிருந்து உருவும்போது உறையின் முதுகுப்பக்கத்தை மட்டும் பிடியுங்கள், ஏனெனில் வளைந்த வாய் தையலை அறுத்துக்கொண்டு விரலில் பாயக்கூடும். புதருக்குள் நுழையுமுன் கம்பால் தட்டி, சுருட்டைவிரியனோ குளவிக்கூடோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். கிளைக்குச் செங்குத்தாக அடிக்காமல் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் வெட்டுங்கள். தப்பினால் கத்தி போய்ச் சேரும் பாதையில் உங்கள் முழங்கால் இருக்கக் கூடாது. எருக்கும் கள்ளியும் கலந்த வேலியில் பால் கண்ணில் தெறிக்குமாதலால் கண்ணாடி கட்டாயம். செருப்பு வேண்டாம், தடித்த அடிப்பகுதி உள்ள பூட்ஸ் போடுங்கள்.

ஏழாம் படி: தீட்டலும் பராமரிப்பும்

கடையில் வாங்கும்போது வாயில் கூர் குறைவாகவே இருக்கும். அதனால் அரைவட்ட அரம் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். உள்வளைவு இருப்பதால் தட்டையான சாணைக்கல் நடுப்பகுதியைத் தொடாது. அரத்தின் வளைந்த முகம்தான் அங்கே படியும். ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 25 டிகிரி சாய்வில், முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே திசையில் தள்ளி, மறுபக்கம் மெல்லிய பிசிறு விரலில் தட்டும் வரை தீட்டி, பிறகு பக்கம் மாற்றுங்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் அடிக்கடி நீரில் தோய்த்துத் தீட்டச் சொல்லுங்கள். வாயோரம் நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது. அந்த நீலம் முழுதும் தேயும் வரை கூர் நிற்காது.

வேலை முடிந்ததும் பிசினையும் சாற்றையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மெல்லியதாகப் பூசுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நாள்கணக்கில் எடுக்காமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் உறையிலிருந்து வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.