காப்புறுதி கட்டாத வயலுக்கு வெள்ள நட்டஈடு எடுக்கும் வழி

வெள்ளம் வயலை மூடியதும் திருகோணமலைப் பக்கம் எல்லாரும் கேட்பது, "நான் காப்புறுதிக் காசு கட்டவில்லையே, ஏதும் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. கத்தரி, பயற்றை போட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு அழிவுக்கும் தொகையும் பயிரும் மாறும், அதனால் போன முறைக் கணக்கை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கப் போகாதீர்கள்.

காசு போவது வயலுக்கு அல்ல, கமநல சேவை நிலையத்தில் பதிவாகியிருக்கும் பெயருக்கு. பெரும்போகம் விதைத்த கையோடு போய், இந்தப் போகத்துக்கு உங்கள் பெயரில் எத்தனை ஏக்கர் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். குத்தகைக்குச் செய்பவர்கள் கட்டாயம் பாருங்கள். காணிக்காரர் கனடாவில் இருப்பார், பதிவு அவர் பெயரில் இருக்கும், நட்டம் மட்டும் உங்களுக்கு. குத்தகையை ஒரு தாளில் எழுதி, வயல் வட்டத்தின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையும் விவசாய அமைப்பும் கையெழுத்து வைத்தால் பிறகு பேச ஒரு பிடி இருக்கும்.

வெள்ளம் வந்தால் தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். வரம்பு, பக்கத்து மரம், மதகு என்று இடத்தைக் காட்டும் ஏதாவது படத்தில் விழ வேண்டும், போனில் லொக்கேஷனையும் போட்டு விடுங்கள். 2025 நவம்பரில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் புகுந்த மாதிரி நடந்தால் உத்தியோகத்தர் வயலுக்கு வந்து சேர நாளாகும்.

அந்த இடைவெளியில்தான் சிக்கல். தண்ணீர் வடிந்து நாலு வெயில் அடித்ததும் பயிர் திரும்பப் பச்சை பிடிக்கும், வருகிறவர் வரம்பில் நின்று பார்த்துவிட்டு பகுதிச் சேதம் என்று எழுதிவிடுவார். கதிர் வெளிவராமல் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் நாள்கணக்கில் மூழ்கிய பயிரில் பதர்தான் மிஞ்சும். அவரை வயலுக்குள் இறக்கி, ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறிக் காட்டுங்கள், உள்ளே இளங்கதிர் அழுகிக் கறுத்திருந்தால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். பார்வையிட்டு எழுதும்வரை உழுதுவிடாதீர்கள்.

மாடு ஆடு வைத்திருப்பவர்களுக்கு கமநலம் அல்ல, கால்நடை வைத்தியர் அலுவலகம். 2022 டிசம்பர் குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேல் கால்நடைகள் செத்தன. காட்டில் மேயும் பட்டி மாட்டை யாருடையது என்று நிரூபிப்பதே பெரும்பாடு. பண்ணையைப் பதிந்து, காதில் இலக்கத் தகடு குத்தி வையுங்கள். செத்தால், புதைக்கும் முன்பு தகட்டு இலக்கம் தெரியப் படம் எடுத்து, வைத்தியருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. உங்கள் சொந்தப் பெயரில், அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். ஓடாமல் கிடக்கும் கணக்கு என்றால் இப்போதே ஒரு நூறு ரூபாய் போட்டு எழுப்புங்கள்.

பட்டியலில் பெயர் வராவிட்டால் வாய்ப்பேச்சில் நிற்காமல் எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையா, 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.